வகுப்பில் இருந்து பார்த்து எழுதுவது: வன்னி அதிபர்களுக்கான ஆசிரியர் மதிப்பீட்டுக் கையேடு

ஆசிரியர் மதிப்பீடு என்று எடுத்தவுடன் அதிபரின் மேசைக்கு வருவது கோப்புகள்தான். பாடக்குறிப்புப் புத்தகம், தவணைத் திட்டம், புள்ளிப் பதிவேடு, மாணவர் வரவு இடாப்பு. சிவப்பு மையில் ஒரு சரி அடையாளம், கையொப்பம், திகதி. அத்தோடு மேற்பார்வை முடிந்தது என்று பாடசாலையின் நாளாந்தப் பதிவேடான சம்பவத்திரட்டில் எழுதிவிடலாம். ஆனால் பாடக்குறிப்பில் இருப்பது கற்பிக்க நினைத்தது மட்டுமே. கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை அன்றைக்கு என்ன விளங்கிக்கொண்டது என்பது அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைக் காண வகுப்புக்குள் போய் ஒரு பாடவேளை முழுக்க இருக்க வேண்டும்.

இந்தக் கையேடு 10 முதல் 25 ஆசிரியர் வரை உள்ள வகை 2 (தரம் 11 வரை), வகை 3 (ஆரம்ப அல்லது கனிட்ட வகுப்புகள் வரை) பாடசாலைகளை மனதில் வைத்து எழுதப்படுகிறது. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற கல்வி வலயங்களில் உள்ளுக்குள் இருக்கிற பாடசாலைகள் பல இந்த அளவிலானவை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள பெரிய 1 ஏபி பாடசாலைக்கு வேண்டிய மாற்றத்தை உரிய இடத்தில் சொல்கிறோம்.

எல்லோருக்கும் "நன்று" விழுவது ஏன்

அதிபர்களோடு மனம்விட்டுப் பேசினால் நாலு காரணம் வரும். நேரமில்லை. தெரியாத பாடத்தைப் பற்றி என்ன எழுதுவது? ஒரே ஊரில், ஒரே பஸ்ஸில் போய்வருகிறவரிடம் முகத்துக்கு நேரே குறை சொல்லச் சங்கடம். நாலாவதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வார்கள்: கணிதத்துக்கு இருப்பது ஒருவர்தான், குறை எழுதினால் அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அந்த வெற்றிடம் எப்போது நிரம்பும்? இந்த நாலும் நியாயமான பயங்கள். இவற்றை ஒதுக்கிவிட்டு வகுக்கிற எந்த மதிப்பீட்டு முறையும் கடதாசியில்தான் நிற்கும்.

இது வன்னிக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் 4 மாநிலங்களின் 12 கல்வி மாவட்டங்களைப் பார்த்த ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. "திருப்தி", "திருப்தியில்லை" என்று இரண்டே தரம் வைத்திருந்த மாவட்டங்களில் 99 வீதத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு "திருப்தி" கிடைத்திருந்தது. பிறகு படிவங்களை மாற்றினார்கள், தரங்களைக் கூட்டினார்கள். 2017 இல் 24 மாநிலங்களை ஆராய்ந்தபோதும், பெரும்பாலான மாநிலங்களில் "திருப்தியில்லை" என்ற தரம் பெற்றவர்கள் 1 வீதத்துக்கும் குறைவு. அங்கே அதிபர்கள் சொன்ன காரணங்கள்: நேரம் போதாது, சொல்லச் சங்கடம், புதியவரின் ஊக்கம் கெட்டுவிடும், போகிறவருக்குப் பதிலாக நல்லவர் கிடைப்பார் என்ற நம்பிக்கை இல்லை. நெடுங்கேணியில் ஒரு அதிபர் சொல்லக்கூடிய அதே சொற்கள்.

ஆகவே புதுப் படிவம் அச்சடிப்பதில் காலத்தைச் செலவிட வேண்டாம். சான்றை எப்படிச் சேர்ப்பது, அதை ஆசிரியரோடு எப்படிப் பேசுவது என்ற இரண்டிலும் கையை வையுங்கள்.

முதலில் கோப்பை இரண்டாக்குங்கள்

சம்பள ஏற்றத்துக்கும் தர உயர்வுக்கும் போகிற செயலாற்றுகைப் படிவம் ஒரு கோப்பு. வகுப்பறையில் பார்த்து எழுதுகிற குறிப்பு வேறொரு கோப்பு. இரண்டும் ஒன்றானால் ஆசிரியர் தன் பலவீனத்தை உங்களுக்குக் காட்டவே மாட்டார். நீங்கள் வருகிற நாளில் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும்.

தவணையின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் இதை வாயால் சொல்லி, கூட்டக் குறிப்பிலும் பதியுங்கள்: வகுப்பறைக் குறிப்பு அதிபர், பார்வையிட்டவர், அந்த ஆசிரியர் ஆகிய மூவருக்கு மட்டும். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகாது. ஒரு நிலையில் அது உத்தியோகபூர்வக் கோப்புக்கு மாறவேண்டி வந்தால் ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கப்படும். கொடுத்த இந்த வாக்கை ஒரே ஒருமுறை மீறினாலும் அடுத்த மூன்று வருடத்துக்கு உங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நேரக் கணக்கு

14 ஆசிரியர்கள் என்று வைப்போம். ஒருவருக்குத் தவணைக்கு 2 வகுப்பறைப் பார்வை, மொத்தம் 28. ஒரு பார்வைக்கு 40 நிமிடப் பாடவேளை, முன்னும் பின்னுமாக 20 நிமிடப் பேச்சு, 15 நிமிட எழுத்து: 75 நிமிடம். 28 பார்வைக்கு 2,100 நிமிடம், அதாவது 35 மணித்தியாலம். முதல் வாரமும் பரீட்சை வாரங்களும் கழிந்தால் ஒரு தவணையில் கையில் மிஞ்சுவதை 10 வாரமாக எடுங்கள். வாரத்துக்கு மூன்றரை மணித்தியாலம். பிரதி அதிபரோ பகுதித் தலைவரோ பாதியை எடுத்தால் உங்களுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. நேரமில்லை என்ற கவலைக்கு இதுதான் பதில். இந்த இரண்டு மணித்தியாலத்தையும் உங்கள் நேரசூசியில் பாடவேளை போலவே எழுதி, அலுவலக வாசலில் ஒட்டிவிடுங்கள். எழுதாத நேரத்தைக் கிராம அலுவலர், கட்டட ஒப்பந்தக்காரர், வலயத் தொலைபேசி என்று யாராவது கொண்டுபோய்விடுவார்கள்.

60 ஆசிரியர் உள்ள பாடசாலையில் அதிபர் தனியே இதைச் செய்ய நினைப்பது வீண். பகுதித் தலைவர்களும் பாட இணைப்பாளர்களும் பார்க்கட்டும். அதிபர் ஒவ்வொருவரையும் வருடத்தில் ஒருமுறையாவது பார்த்தால் போதும்.

நாள் குறிக்கும்போது வன்னியின் நாட்காட்டியையும் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை அண்டிய நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்தில் வரவு குறையும். ஜூலை 2 ஆம் திகதி மடுத் திருவிழாவை அண்டி மன்னார், வவுனியாப் பக்கத்தில் குறையும். காலபோக அறுவடை நேரத்தில் வயலுக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. பாதி வகுப்போடு நடந்த பாடத்தை வைத்து ஆசிரியரை எடைபோடுவது அநியாயம். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழே ஆசிரியரின் குரல் மூன்றாவது வாங்குக்கே எட்டாது. அப்படியான நாளில் போய் மாட்டிக்கொண்டால் குறிப்பின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.

ஒருவரின் இரண்டு பார்வைகளும் காலையிலேயே அமைந்துவிடக் கூடாது. இரண்டாம் பாடவேளையில் நன்றாகக் கற்பிக்கிறவர் எட்டாம் பாடவேளையின் வெக்கையில் என்ன செய்கிறார் என்பதும் தெரிய வேண்டும்.

போவதற்கு முன்

பார்வைக்கு முதல் நாள் பத்து நிமிடம் பேசுங்கள். மூன்று கேள்வி போதும். நாளைக்கு எந்தத் தேர்ச்சி மட்டம்? எந்தப் பிள்ளைகள் இதில் இடறுவார்கள்? நான் எதைக் கவனித்துச் சொன்னால் உங்களுக்கு உதவும்? மூன்றாவது கேள்விக்குப் பலர் முதலில் "ஒண்டுமில்லை சேர், வந்து பாருங்கோ" என்பார்கள். இரண்டாவது தவணையில் பதில் வரும்.

வகுப்புக்குள்

மணி அடிக்க முதல் போய், பக்கச் சுவரோரம் கதிரை போட்டு இருங்கள். ஆசிரியரின் மேசையில் இருக்காதீர்கள். பின்வரிசைக்கு நேர் பின்னால் இருந்தால் முதுகுதான் தெரியும். பக்கத்தில் இருந்தால் முகமும் கொப்பியும் தெரியும். ஆசிரியர் பிழையாகச் சொன்னாலும் பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள், வெண்கட்டியை வாங்காதீர்கள். தொலைபேசி அலுவலகத்தில் கிடக்கட்டும்.

கையில் ஒரு கொப்பி. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் கண்டதும் கேட்டதும். "நல்ல பாடம்", "வகுப்புக் கட்டுப்பாடு குறைவு" போன்ற சொற்கள் இந்தக் கட்டத்தில் வேண்டாம். கீழே தரம் 7 கணிதப் பாடம் ஒன்றுக்கான மாதிரிப் பதிவு, வரவு 26 இல் 22:

8.34 ஆசிரியர் உள்ளே. பாடவேளை 8.30. முந்திய பாட ஆசிரியர் 8.33 வரை வகுப்பில் நின்றார்.
8.36 கரும்பலகையில் 1/2 + 1/3. "ஆர் சொல்லுவீங்கள்?" முன் வாங்கில் 3 கை. விடை 5/6. "சரி."
8.39 "எல்லாருக்கும் விளங்கிச்சுதோ?" வகுப்பு: "ஓம் டீச்சர்."
8.40 1/4 + 2/3 கொடுத்துச் செய்யச் சொல்கிறார்.
8.51 பின்வரிசையில் இடப்பக்கம்: கொப்பியில் 3/7. பக்கத்துப் பிள்ளையிடமும் 3/7.
8.53 ஆசிரியர் முன் இரண்டு வரிசைக் கொப்பிகளைப் பார்க்கிறார். பின்னால் வரவில்லை.
9.10 கேட்ட கேள்விகள் 17. பதில் சொன்ன பிள்ளைகள் 6 பேர். 5 பேர் முன்வரிசை.

8.34 இல் இருக்கிற வரியைக் கவனியுங்கள். முந்திய ஆசிரியர் நின்றதை எழுதாமல் விட்டிருந்தால் "பிந்தி வந்தார்" என்று ஒரு பிழையான குற்றச்சாட்டு பதிவாகியிருக்கும். 8.51 இல் இருக்கிறதுதான் இந்தப் பாடத்தின் உயிர். மேல் எண்களைத் தனியேயும் கீழ் எண்களைத் தனியேயும் கூட்டினால் 3/7 வரும். கீழ் எண்களை ஒன்றாக்கும், அதாவது பொதுப் பகுதி எடுக்கும் எண்ணமே அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. "ஓம் டீச்சர்" என்ற கோரஸ் சொல்லாததை இரண்டு கொப்பிகள் சொல்லிவிட்டன. கணிதம் படிக்காத அதிபரும் இதைக் காணலாம். சரியான விடை 11/12 என்று அருகில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து கொப்பிகளை எடுத்துப் பாருங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. கடைசி நாலு வாரத்தில் எத்தனை பக்கம் எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை இடத்தில் ஆசிரியரின் பேனை பட்டிருக்கிறது, சுட்டிய பிழையைப் பிள்ளை திரும்பத் திருத்தியிருக்கிறதா? காட்சிக்காக ஆயத்தம் செய்த பாடமும் இங்கேதான் பிடிபடும். நேற்றுவரை வெறுமையாகக் கிடந்த கொப்பியில் இன்றைக்குத் திடீரென்று முத்துப்போன்ற எழுத்து.

தரம் போடுவது

தரத்தை வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகு, குறிப்பை ஒருதரம் வாசித்துவிட்டுப் போடுங்கள். 1996 இல் சார்லட் டேனியல்சன் அமைத்த பெயர்பெற்ற சட்டகத்தில் 4 துறைகளும் 22 கூறுகளும் உண்டு. தனியொருவர் 40 நிமிடத்தில் அத்தனையையும் நியாயமாகப் பார்க்க முடியாது. சிறிய பாடசாலைக்கு ஆறு போதும்: பாடத்தின் நோக்கம் பிள்ளைக்குத் தெரிந்திருத்தல், விளக்கம் சரியாயிருத்தல், பிள்ளைகள் தாமே வேலை செய்த நேரம், விளங்கியதைச் சரிபார்த்தல், கொப்பித் திருத்தம், பிள்ளையோடு பேசும் மரியாதை.

ஒவ்வொன்றுக்கும் நாலு தரம் வைத்து, தரத்துக்குப் பெயர் சூட்டாமல் கண்ணால் காணக்கூடிய செயலை எழுதுங்கள். விளங்கியதைச் சரிபார்த்தலுக்கு இப்படி எழுதலாம். 1: "விளங்கிச்சுதோ" என்று மொத்தமாகக் கேட்டுவிட்டு நகர்கிறார். 2: கேள்வி கேட்கிறார், கை உயர்த்தியவரிடம் மட்டும் பதில் எடுக்கிறார். 3: கை உயர்த்தாதவரையும் கேட்கிறார், எல்லா வரிசைக்கும் போய்க் கொப்பி பார்க்கிறார். 4: கண்ட பிழையை எடுத்து, அது ஏன் வந்தது என்று பிள்ளைகளையே பேசவைத்து, அந்த இடத்திலேயே பாடத்தை மாற்றுகிறார். மேலே உள்ள மாதிரிப் பாடம் 2 இல் விழும். இதற்கு யாரும் வாதாட வேண்டியதில்லை, 8.53 ஆம் வரி இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் ஆசிரியர்களையே கூட்டி இருத்தி எழுதுங்கள். ஒரு பின்னேரம் போதும். தாங்கள் எழுதிய அளவுகோலை அவர்கள் குறைசொல்லமாட்டார்கள்.

ஒரே ஆள் இரண்டு முறை பார்ப்பதைவிட இரண்டு ஆள் ஒவ்வொரு முறை பார்ப்பது நம்பகமானது. 2013 இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்றும் இதையே காட்டியது. ஆகவே முதல் பார்வை உங்களுடையது என்றால் இரண்டாவதைப் பிரதி அதிபருக்குக் கொடுங்கள். வருடத்தில் இருமுறை இருவரும் ஒரே பாடத்தை ஒன்றாகப் பார்த்து, தனித்தனியே தரம் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு படி வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு படி வந்தால் அளவுகோலின் வசனம் தெளிவில்லை, திருத்துங்கள்.

விளக்கம் சரியா என்ற கூறுக்கு மட்டும் பாட அறிவு கட்டாயம் வேண்டும். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஆசிரிய ஆலோசகரையோ பக்கத்துப் பாடசாலையில் அதே பாடம் கற்பிப்பவரையோ வருடத்தில் ஒருநாள் அழைத்து நிரப்பலாம்.

பேசுவது

அடுத்த நாளுக்குள் பேசிவிட வேண்டும். ஆசிரியர் ஓய்வறையில் வேண்டாம். அதிபரின் பெரிய மேசைக்கு அங்காலும் இங்காலும் இருந்தும் வேண்டாம். வெறுமையான வகுப்பறை, கதவு திறந்தபடி, பக்கம் பக்கமாக இரண்டு கதிரை. யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் பிடிக்கிறவரைப் பாடசாலை விட்ட பிறகு மறிக்காதீர்கள். அவர் காது பஸ் சத்தத்தில்தான் இருக்கும்.

தரத்தைச் சொல்லித் தொடங்கினால் அதற்குப் பிறகு சொல்வது ஒன்றும் ஏறாது. குறிப்பைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்:

"டீச்சர், ரெண்டாவது கணக்குக்குப் பின்னுக்கு இருந்த பிள்ளையள் என்ன எழுதினவை எண்டு பாத்தனீங்களோ?"

"இல்லை சேர், நேரம் காணாமப் போச்சு."

"இந்தாங்கோ, நான் பாத்து எழுதினது. ஏன் 3/7 வந்திருக்கும்?"

"மேலையும் கீழையும் சும்மா கூட்டியிருக்கினம் சேர். முதல் கணக்கில பொதுப் பகுதி ஏன் எடுத்தனாங்கள் எண்டு நான் நிண்டு சொல்லேல்லை."

இதை ஆசிரியரே சொல்லிவிட்டால் மிச்சம் சுலபம். குறை ஐந்து கண்டிருந்தாலும் இலக்கு ஒன்றுதான். இந்த இடத்தில் அது: முதல் உதாரணம் முடிந்ததும் எல்லோரும் ஒரு கணக்கைக் கொப்பியில் செய்ய, ஆசிரியர் பின்வரிசையில் தொடங்கி முன்னுக்கு வருவார், மூன்று நிமிடம், ஆறு வாரம். நன்றாக இருந்த ஒன்றையும் அதே அளவு துல்லியமாகச் சொல்லுங்கள். "கெட்டிக்காரி" என்பது ஒன்றையும் சொல்லாது. "பிழையாகச் சொன்ன பிள்ளையை வகுப்பு சிரிக்க விடாமல் மறித்தீர்கள்" என்றால் அது அவர் நாளைக்கும் செய்யக்கூடிய ஒன்று. இலக்கை எழுதி இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை ஆசிரியர் கையில் கொடுங்கள். அடுத்த பார்வை அந்த இலக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது மறந்துபோனால் முதல் பார்வையும் வீண்.

பரீட்சைப் புள்ளி

பெறுபேற்றை வைத்து ஆசிரியரை அளக்கச் சொல்லி எல்லாப் பக்கத்தாலும் நெருக்குவார்கள். 11 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 9 வீதம். ஒரு பிள்ளைக்குச் சோதனை அன்று காய்ச்சல் வந்தாலே "ஆசிரியர் 9 வீதம் பின்தங்கிவிட்டார்" என்றாகிவிடும். வருட நடுவில் நியமனம் கிடைத்து வந்தவருக்கு முன்னைய வெற்றிடத்தின் பலனையும் சேர்த்துப் பொறுப்பாக்குவதும் நடக்கிறது. புள்ளியைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே பிள்ளைகளின் தவணைத் தொடக்க வினாத்தாளையும் முடிவு வினாத்தாளையும் பக்கத்தில் வைத்து, எந்தத் தேர்ச்சியில் எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று பாருங்கள். 80 வீதத்துக்குக் குறைந்த வரவுள்ள பிள்ளைகளைத் தனி வரிசையில் எழுதுங்கள்.

அளவுகோல் பொருந்தாத இடங்கள்

தரம் 3 உம் 4 உம் ஒரே அறையில் இருக்கிற பல்தர வகுப்புக்கு மேலே சொன்ன அளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கே அளக்க வேண்டியது காத்திருப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை உயர்த்தி, ஆசிரியர் பேசாத தரம் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். 30 நிமிட ஆரம்பப் பாடவேளையில் ஆறு பார்வை வரும். அதில் நாலு முறை பிள்ளைகள் சும்மா இருந்தால் அவர்களுக்குக் கொடுத்த வேலை போதாது அல்லது விளங்கவில்லை.

வரலாறு படித்தவர் ஆளில்லாமல் விஞ்ஞானம் கற்பிக்கிறார் என்றால் அதைப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். அங்கே குறை ஆசிரியருடையதல்ல, நியமனத்தினுடையது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி போன்றவற்றிலிருந்து கட்டுறுப் பயிற்சிக்கு (பாடசாலையில் இருந்து கற்பித்துப் பழகும் பயிற்சி) வருகிறவர்களுக்கு முதல் மாதம் தரமே போடவேண்டாம். வாரம் ஒருமுறை பார்த்து, வாரம் ஒருமுறை பேசுங்கள்.

பிள்ளைகளிடமும் கேட்கலாம், தரம் 6 க்கு மேல், பெயரில்லாமல், அடையாளமிடும் ஐந்து வசனங்களோடு: "விளங்காவிட்டால் கேட்கப் பயமில்லை" போன்றவை. வகுப்பில் பத்துப் பேருக்குக் குறைவென்றால் செய்யாதீர்கள். எந்த அடையாளம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

பாடம் தேறவே இல்லை என்றால்

இரண்டு தவணையாக ஒரே இலக்கில் அசைவில்லாதபோது வழமையில் நடப்பது இரண்டில் ஒன்று: கண்ணை மூடிக்கொள்வது, அல்லது செயலாற்றுகைப் படிவத்தில் திடீரென்று குறை எழுதுவது. இரண்டாவது முதலாவதைவிட மோசம். படிவத்தில் வருகிற எந்தக் குறையையும் ஆசிரியர் அங்கே முதல்முறையாக வாசிக்கக் கூடாது.

முதலில் வேறொருவர் பார்க்கட்டும், முடிந்தால் வெளியிலிருந்து. உங்கள் கண்ணே பிழையாயிருக்கலாம். பிறகு ஆறு வார எழுத்துத் திட்டம்: என்ன மாற வேண்டும், யார் உதவுவார், எத்தனை முறை பார்க்கப்படும். உதவி என்றால் பெயரோடு ஒரு ஆள், வாரத்தில் ஒரு பாடவேளை நேரசூசியில் ஒதுக்கியிருக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், இனிமேல் எழுதுவது உத்தியோகபூர்வக் கோப்புக்குப் போகும் என்று கடிதம் கொடுங்கள், அவரது எழுத்து விளக்கத்தை வாங்கி அதே கோப்பில் சேருங்கள், அதன் பிறகு கோட்டக் கல்விப் பணிப்பாளரோடு பேசுங்கள். திகதியிட்ட குறிப்புகள் கையில் இருந்தால் இது தனிப்பட்ட பகையாகத் திரும்பாது.

இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார் என்ற பயத்துக்கும் ஒரு சொல். வகுப்புக்கு வந்து பார்க்கிற, எழுதியதை நேரே காட்டுகிற, உதவிக்கு ஆள் ஒதுக்குகிற அதிபரை விட்டு ஆசிரியர் ஓடுவது குறைவு. தன் குறை ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்கப்பட்டாலோ வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போனாலோ அவர் அடுத்த நாளே விண்ணப்பம் எழுதுவார்.

நீங்களும் ஒருநாள் மாறிப் போவீர்கள். போகும் முன் வகுப்பறைக் கோப்பைப் புதிய அதிபரிடம் அப்படியே ஒப்படைக்காதீர்கள். ஒவ்வொரு ஆசிரியரையும் தனியே அழைத்து, அவரது பக்கங்களை அவரிடமே கொடுத்து, நடந்துகொண்டிருக்கும் ஒரு இலக்கை மட்டும் அவர் சம்மதத்தோடு ஒரு தாளில் எழுதி, வருகிறவருக்கு வைத்துவிட்டுப் போங்கள்.